கேம் பெட்டியில் ஓடாத என் கல்யாண சிடி

"சிரிக்கும்போது அவன் தலைய எந்தப் பக்கம்டி சாய்ப்பான்?" என்று அம்மா கேட்டபோது நான் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூடுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. கூடத்தில் இருந்த என் வீட்டுக்காரரைக் கேட்டோம். அவர் இடது என்றார். அதோடு விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. பெரியப்பா மகனுக்குப் போன் போடச் சொன்னார். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அவன் தலைய சாய்ப்பானா என்ன?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

அவன் என்றால் என் தம்பி. இறந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. அம்மா இப்போது சிரம்பானை அடுத்த பாரோயில் என் வீட்டில்தான் இருக்கிறார். மறதி என்று சொல்ல முடியாது. மீன்காரன் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால் அடுத்த வாரம்கூட நினைவு வைத்துச் சண்டை பிடிப்பார். ஆனால் தம்பியின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்க்கொண்டிருந்தது. "போட்டோவுல இருக்கிற மூஞ்சிதான் வருது. அசையிற மூஞ்சி வரமாட்டேங்குது," என்றார். போட்டோக்களிலோ அவன் அடையாளக் கார்டுக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டு நிற்பான். ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை.

"ஒன் கல்யாண சிடியப் போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்லா. மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மாலை போடறப்போ அவன் விழுந்து விழுந்து சிரிச்சானே, அதுல இருக்கும்," என்றார் அம்மா.

அவன் நடந்து, பேசி, சிரித்து இருக்கக்கூடிய ஒரே இடம் அந்த சிடிதான். அது சாமி மேடையில் அவன் போட்டோவுக்குப் பின்னால் மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. இத்தனை வருடம் ஏன் யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டால், அதற்கு ஒரு கேம் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், கித்தாக் காடு என்போம், குடியிருந்தோம். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். எனக்குக் கல்யாணமான காலம் விசிடி காலம். லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், சோற்றுப்பானை இல்லாத வீடுகூட இருக்கலாம், விசிடி பிளேயர் இல்லாத வீடு கிடையாது. பாசார் மாலாமில், அதுதான் எங்கள் வாராந்தர ராச்சந்தையில், ஜிகுஜிகுவென்று பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்பான். ஒரு படத்துக்கு இரண்டு தட்டு. கதாநாயகன் அடிபட்டு விழும் இடமாகப் பார்த்து முதல் தட்டு முடியும். யாராவது எழுந்து மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் அம்மா தேத்தண்ணி போட்டுவிடுவார்.

என் கல்யாணத்தையும் விசிடியில்தான் பிடித்தார்கள். கோலா பிலாவிலிருந்து வந்த வீடியோக்காரர், காசு குறைவாகக் கேட்ட புண்ணியவான், காலையிலிருந்து சாயங்காலம் வரை பிடித்ததை வெட்டிச் சுருக்கி ஒரே தட்டில் அடக்கிக் கொடுத்தார். தாலி கட்டும் நேரத்தில் என் முகத்தைச் சுற்றி ஓர் இருதயப் படத்தை வரைந்து, பின்னால் அருவி ஓடவிட்டிருந்தார். அருவி நன்றாகத் தெரிந்தது, தாலி தெரியவில்லை. அதைத் தோட்டமே வந்து பார்த்தது. அவரவர் முகத்தை அவரவர் பார்த்துக்கொண்டு போனார்கள். தம்பி எங்கள் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரையும் கிண்டல் பண்ணுவான். "அக்கா, ஒங்க மாமியார் பாயசத்த மூணாவது தடவ வாங்குறாங்க பாருங்க," என்பான். அம்மா அவன் வாயை மூடுவார்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் அவனுக்கு செனவாங் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கையில் காசு புரண்டதும் கேம் வேண்டும் என்று ஆசை. அப்பாவிடம் கேம் என்ற வார்த்தையே ஆகாது. "மாடு மாதிரி வளந்துட்டு விளையாட்டுச் சாமான் கேக்குதா?" என்று ஒருமுறை கத்தியது லயத்தின் கோடிவரை கேட்டது. தம்பி எதிர்த்துப் பேசவில்லை. ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தான். பிறகு ஒருநாள், தட்டு மாற்ற அப்பா முனகிக்கொண்டே எழுந்த நேரம் பார்த்து, "டிவிடின்னு ஒண்ணு வந்திருக்குப்பா. முழுப் படமும் ஒரே தட்டுல. எந்திரிக்கவே வேணாம்," என்றான். அப்பா திரும்பிப் பார்த்தார்.

அப்போது டிவிடி பிளேயர் தனியாக வாங்கினாலே யானை விலை. அதே விலையை ஒட்டி ஒரு கறுப்பு கேம் பெட்டி வந்திருந்தது. அதில் டிவிடி படமும் ஓடும். அப்பாவைப் பொறுத்தவரை அவர் கேம் வாங்கவில்லை. படம் பார்க்கும் பெட்டி வாங்கினார், கேம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. "ஒலகம் பூரா இப்புடித்தாங்க்கா வித்துச்சு இது. புள்ளைங்க கேமுன்னு கேட்டுச்சுங்க, அப்பனுங்க படம்னு நெனச்சு வாங்கிக் குடுத்தானுங்க," என்று தம்பி என்னிடம் பின்னால் சொல்லிச் சிரித்தான். உலகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது, என் கண்ணால் பார்த்தேன்.

கிராணி வீட்டுப் பையனிடம் வேறு கம்பெனியின் பெட்டி இருந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்ப்பவர் வீடு, எங்களுக்கு முன்பே வாங்கிவிட்டார்கள். ஊதா நிறத்தில் சதுரமாக, தூக்கிக்கொண்டு போகப் பிடியெல்லாம் வைத்து அழகாக இருக்கும். அதன் தட்டு மட்டும் பிஸ்கட் மாதிரி சின்னது. அதில் படம் ஓடாது. விளையாட்டு என்னவோ அதில்தான் நன்றாக இருக்கும் என்று தம்பியே ஒத்துக்கொள்வான். என்ன பிரயோசனம்? கிராணியின் மனைவி, "சனியன, வாங்கி வச்சி என்ன, ஒரு படம் பாக்க வழியில்ல," என்று கரித்துக்கொட்டுவார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் சொந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கிராணி வீட்டம்மா லயத்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது எங்கள் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு வெள்ளைப் பெட்டியும் கடையில் கிடந்தது. அதுவும் படம் ஓட்டாது. கடைசியில் அதைச் செய்தவர்கள் பெட்டி செய்வதையே விட்டுவிட்டார்கள் என்று தம்பி சொன்னான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெட்டிதான். ஆனால் வாங்கிய அன்றே அப்பா ஒரு காரியம் செய்தார். சிரம்பான் கடை முதலாளி, சீனத் தவுக்கே, "பழச குடுத்தா கொறச்சுப் போடறேன்," என்றதும் விசிடி பிளேயரைக் கொடுத்துவிட்டார். தம்பி தயங்கினான். "என்னாத்துக்கு ரெண்டு? அதுவும் தட்டு, இதுவும் தட்டு. ரெண்டும் ஒரே சைசுதான," என்றார் அப்பா. தவுக்கேயும், "போலே, போலே, முடியும், எல்லாம் ஓடும்," என்று தலையாட்டினார். அதற்கு மேல் யார் என்ன கேட்பது?

பெட்டி வீட்டுக்கு வந்ததும் அம்மா அதன் மண்டையில் சந்தனம் குங்குமம் வைத்து, புது மோட்டார் சைக்கிளுக்குச் செய்வதுபோல எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். முதன்முதலில் மங்களமாக எதையாவது போட வேண்டும் என்று என் கல்யாண சிடியைக் கொடுத்தார். நானும் அன்று பாரோயிலிருந்து வந்திருந்தேன். தட்டு உள்ளே போய்க் கரகரவென்று சுற்றியது. இந்தத் தட்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. தம்பி துடைத்துப் போட்டான். திருப்பிப் போட்டான். பிறகு பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து வாசலில் உட்கார்ந்து படித்தான். உள்ளே வந்தவன் முகம் செத்துப்போயிருந்தது. "டிவிடி ஓடும், பாட்டு சிடி ஓடும். விசிடி மட்டும் ஓடாதாம்," என்றான்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். அந்தப் பெட்டியைச் செய்தவர்களின் ஊரில் விசிடி என்று ஒன்று பெரிதாகப் புழங்கவே இல்லையாம். டேப்பிலிருந்து நேராக டிவிடிக்குத் தாவிவிட்டார்களாம். கித்தாக் காட்டுக்குள் ஒரு லயத்தில் ஒரு குடும்பம் கல்யாணத்தை விசிடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நம்மை யார் நினைத்துப் பார்த்தார்கள்? அப்பா இரண்டு நாள் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. அதற்குள் பாசார் மாலாமில் டிவிடி குவிய ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் மறந்துவிட்டோம். "ஒன் கல்யாணத்த எத்தன தடவடி பாக்குறது," என்று அம்மாவே சிடியை அலமாரியில் போட்டு மூடினார்.

பாவம் தம்பி. அவன் சம்பளத்தையும் போட்டு வாங்கிய கேம் பெட்டி, அவனுக்கு விளையாடக் கிடைப்பதுதான் அரிது. அம்மாவும் கிராணி வீட்டம்மாவும் ஒரு படம் முடிந்தால் இன்னொரு படம் போடுவார்கள். அவன் விளையாட்டுப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து அவர்கள் அழுவதைப் பார்த்துச் சிரிப்பான். ஓட்டிய படத்துக்கு இரண்டு வருடத்தில் உள்ளே இருக்கும் கண்ணாடி தேய்ந்துபோனது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் தட்டைப் படிக்கும் என்று அவன் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பெட்டி கவிழ்ந்துதான் கிடந்தது.

சில வருடம் கழித்து டிவிடிக்கு அடுத்த தட்டு வந்தது. ஒன்று இல்லை, இரண்டு, நீல உறையில் ஒன்றும் சிவப்பு உறையில் ஒன்றும். ஒன்றுக்கொன்று ஆகாத தட்டுகள். எது நிலைக்கும் என்று பேசிப் பேசியே பையன்கள் தெருவோர ஒட்டுக்கடையில் பொழுதைக் கழித்தார்கள். தம்பி பாரோய் வந்தால் என்னிடமும் அதே பேச்சுதான். "நீலத் தட்டுதாங்க்கா ஜெயிக்கும்," என்றான். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "அது புதுக் கேம் பெட்டிக்குள்ளயே ஒக்காந்து வீட்டுக்குள்ள வந்துருது. இன்னொண்ணுக்குத் தனியா ஒரு பெட்டி வாங்கி ஒட்டணும். எந்த அம்மா வாங்கித் தருவாங்க?" என்றான். அப்படியானால் வாங்க வேண்டியதுதானே என்றேன். "இல்லக்கா. அப்பா விசிடி பிளேயரக் குடுத்த மாதிரி அவசரப்படக் கூடாது. ஒரு வருசம் போவட்டும், பாப்போம்."

அந்த ஒரு வருடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. மழை பெய்த ஒரு சாயங்காலம், வேலை முடிந்து, தம்பின் ஊருக்குப் போகும் சாலையில் மோட்டாரில் வந்துகொண்டிருந்தான். தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் ஒரு லாரி. அவ்வளவுதான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

சில மாதம் கழித்து சிரம்பானில் என் மகனுக்குப் பால்மாவு வாங்கப் போனவள், ஒரு கடை வாசலில் தோற்றுப்போன தட்டுகளைக் கூடையில் கொட்டி அள்ளிக்கொண்டு போகச் சொல்லி விற்பதைப் பார்த்தேன். நீலம்தான் ஜெயித்திருந்தது. நீ சொன்ன மாதிரியே ஆச்சுடா என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். யாரிடம் சொல்வது? கடை வாசலில் நின்று அழுதேன். விற்பனைக்கு நின்ற பெண் பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

சிடி விஷயத்துக்கு வருகிறேன். அவனுடைய பதினாறாம் நாள் காரியத்தன்று, படையல் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது, அம்மா அலமாரியைத் திறந்து என் கல்யாண சிடியை எடுத்து வந்தார். "போடுங்க. எம் புள்ள நடக்குறத ஒரு தடவ பாத்துக்குறேன்," என்றார். அதில் ஓடாது என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் யாரோ ஒருவர் கவிழ்ந்து கிடந்த பெட்டியில் தட்டைப் போட்டார். கரகரவென்று சுற்றியது. படிக்க முடியவில்லை என்று வந்தது. அம்மா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரமாட்டேங்குறான்," என்றார். "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். மூஞ்சியக் காட்டமாட்டேங்குறான்."

பக்கத்து வீட்டில் சாதாரண டிவிடி பிளேயர் இருந்தது. அதில் விசிடியும் ஓடும். நான் எழுந்து, வாங்கி வருகிறேன் என்றேன். அப்பா கத்தினார். "ஒண்ணும் வேணாம்! எடுத்து வை அத! இன்னொரு தடவ அந்தத் தட்ட எவனாச்சும் எடுத்தீங்க, நான் மனுசனா இருக்கமாட்டேன்!" அவருக்கு அவனைப் பார்க்கும் தைரியம் இல்லை. அது இப்போது புரிகிறது, அப்போது அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. அம்மா சிடியை மஞ்சள் துணியில் சுற்றி சாமி மேடையில் வைத்தார். சாமி மேடைக்குப் போன பொருளை எடுத்து ஓட்டிப் பார்ப்போமா? அது அங்கேயே இருந்துவிட்டது.

பிறகு அப்பாவும் போனார். கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். அம்மா சாமி மேடையோடு என் வீட்டுக்கு வந்தார்.

வெங்காயம் உரித்த அன்றைக்கு அம்மா சிடி என்று சொன்னதும் என் மகனுக்கு உற்சாகமாகிவிட்டது. அவனிடம் புதிதாக வாங்கிய கேம் பெட்டி இருந்தது. அம்மா அதைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு வாய் எங்கடா?"

"வாயே இல்ல பாட்டி. இப்பல்லாம் தட்டு கெடையாது. கேமு, படம் எல்லாம் நெட்லதான் எறங்கும்," என்றான்.

"அப்ப தட்டு வச்சிருக்கிறவங்க எங்கடா போறது?" என்று கேட்டார் அம்மா. வேறு எங்காவது ஓட்டிப் பார்க்கலாம் என்று நான் சாமி மேடையிலிருந்து மூட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தேன். தட்டின் பளபளக்கும் பக்கம் முழுக்கச் சந்தனம். காய்ந்து, வெடித்து, அதன் மேல் குங்குமம், அதன் மேல் இன்னொரு சந்தனம், விளக்கெண்ணெய்ப் பிசுக்கு.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க!" என்று கத்திவிட்டேன்.

"வருசா வருசம் அவன் திதி அன்னிக்கு எடுத்துப் பொட்டு வப்பேன்டி. பளபளன்னு இருக்கிற பக்கந்தான மூஞ்சி? மூஞ்சிக்குத்தான பொட்டு வைக்கணும்?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிப்போனது. "ஏன்டி, வைக்கக் கூடாதா? அழிஞ்சிருச்சா?"

அந்தப் பக்கத்தில்தான் படம் இருக்கிறது என்று என் மகன், விவரம் கெட்டவன், எடுத்துச் சொல்லிவிட்டான். அம்மா தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். "எம் புள்ளைய நானே தேச்சு அழிச்சிட்டேனே! எமன் பாதி கொண்டு போனான், மீதிய நான் அழிச்சிட்டேனே!" என்று அவர் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ஓடிவந்துவிட்டார். அவரிடம் என்னவென்று விளக்குவது?

மறுநாளே சிரம்பானுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பழைய வீடியோக்காரர் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார், அவரிடம் டேப் இருக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. போன் பழுது பார்க்கும் ஒரு மலாய்த் தம்பியின் கடையைச் சொன்னார்கள். அவன் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். என்ன இது என்று கேட்டான். என் தம்பிக்கு அம்மா செய்த பூசை என்று மலாயில் சொன்னேன். அவன் அதற்குப் பிறகு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காக், அதாவது அக்கா, என்று அழைத்து, முயன்று பார்க்கிறேன், சத்தியம் பண்ணமாட்டேன் என்றான். அவன் கூப்பிடும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சாமி மேடைப் பக்கமே போகவில்லை.

கூப்பிட்டான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்துச் சந்தனத்தை எடுத்திருக்கிறான். கீறல் இருந்ததாம், ஆனாலும் எல்லாம் வந்துவிட்டதாம். இரண்டு இடத்தில் மட்டும் படம் கொஞ்சம் நின்று போகும் என்றான். ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். நான் அவனுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். அம்மா தலை குளித்து, பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலி வேண்டாம் என்று டிவிக்கு நெருக்கத் தரையில் உட்கார்ந்தார். மகன் பென்டிரைவை டிவியின் பின்னால் செருகினான். அருவி வந்தது, இருதயம் வந்தது, நடுவில் நான் வந்தேன். எனக்கே என்னைப் பார்த்து ஆசையாக இருந்தது, எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறேன். "இவள வேகமா ஓட்டி விடுடா," என்றார் அம்மா. என் கல்யாணத்தில் என்னையே ஓட்டிவிட்டார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு வந்ததும் அம்மா முழங்காலில் எழுந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் மணையில் நிற்கிறார். குனிந்து கால் கழுவுகிறது ஒரு பையன். நிமிர்ந்தால், பெரியப்பா மகன்.

"இவன் எங்க இங்க வந்தான்?" என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பெரிய மச்சான் இருக்கும்போது சின்னவன் செய்யக்கூடாது என்று யாரோ சொல்ல, அவர்தான் செய்தார். சரி, பக்கத்தில் எங்காவது நிற்பான் என்று பார்த்தோம். பந்தி வந்தது. இலை போட்டார்கள். அப்பா தோளில் துண்டோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு திரையின் குறுக்கே நடந்தார். அத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுசனுக்காகக்கூட அம்மா நிறுத்தச் சொல்லவில்லை. மாமியார் பாயசம் வாங்கினார். மண்டபம் காலியானது. நன்றி வணக்கம் என்று எழுத்து வந்து முடிந்துவிட்டது.

"நான் பொட்டு வச்ச எடத்துலதான் இருந்திருப்பான்," என்றார் அம்மா.

"இல்ல பாட்டி, எல்லாமே வந்திருக்கு. எதுவும் விடல," என்றான் மகன். மறுபடியும் முதலிலிருந்து, மெதுவாக, ஓட்டாமல் போட்டோம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். எங்குமே இல்லை. எத்தனை தடவை பார்த்த சிடி! அவன் அதில் இல்லை என்று ஒருவருக்குக்கூடத் தெரியாமல் போனதே! அவன்தான் எங்கள் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானே, அவனைத் திரையில் எதற்குத் தேடப் போகிறோம்?

"ஏம்மா எல்லாரும் கண்ணச் சுருக்கிக்கிட்டே இருக்காங்க?" என்று மகன் கேட்டான். அவன் கேட்டபிறகுதான் எனக்கு நினைவு வந்தது. வீடியோக்காரரோடு விளக்குப் பிடிக்க வர வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை. நீளமான வயரோடு ஒரு பெரிய விளக்கு. அதைத் தூக்கிக்கொண்டு, விடிந்ததிலிருந்து பந்தி முடியும்வரை கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றது என் தம்பி. அம்மாவிடம் சொன்னேன். அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோக்காரர் எல்லா இடத்திலும் பாட்டைப் போட்டு மூடியிருந்தார். பந்திக்கு நடுவில் ஓர் இடத்தில் மட்டும் மறந்துபோய் மண்டபத்துச் சத்தத்தை அப்படியே விட்டிருந்தார். அங்கே அம்மா வருகிறார், பட்டுச்சேலையில், கையில் வெற்றிலைத் தட்டோடு. விளக்கு நேராக முகத்தில் அடிக்கிறது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "டேய் தம்பி, கண்ணு கூசுதுடா. அந்தப் பக்கம் காட்டு," என்கிறார். வெளிச்சம் விலகுகிறது. திரையில் அம்மா இருட்டாகிவிடுகிறார். இருட்டுக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவனேதான். தலையை எந்தப் பக்கம் சாய்த்தானோ, யாருக்குத் தெரியும்.

"அத மறுபடி போடு," என்றார் அம்மா. மகன் போட்டான். வெளிச்சம் வந்தது, விலகியது, சிரித்தான். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை, திரையில் இருந்த அம்மா கையைத் தூக்கும்போது, என் அம்மா டிவியின் முன்னால் நகர்ந்துபோய், முகத்தை அதன்மேல் வைத்துவிடுவதுபோல நெருங்கினார்.

"கூசலப்பா," என்றார். "இங்கயே காட்டு."